இரத்த நோயும் கண் பார்வையும்: நாம் அறிந்திருக்க வேண்டியவை



"கண்ணைக் கட்டிக்கிட்டு வருது", "கண்ணு இருட்டுது", "பார்வை மங்கலா இருக்கு". லயத்திலும் மலையிலும் பிள்ளை மடுவத்திலும் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். கேட்டதும் பக்கத்து வீட்டு அம்மா சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "ரத்தம் கம்மியா இருக்கும். கீரை சாப்பிடு, சரியாப் போகும்."

பல நேரம் அந்த அம்மா சொல்வது சரிதான். ஆனால் எப்போதும் சரியில்லை. இரத்தத்தில் வரும் சில நோய்கள் கண்ணின் உள்ளே போய்ப் பார்வையைக் கெடுக்கக்கூடும். இது அபூர்வமாகத்தான் நடக்கிறது. அபூர்வம் என்பதால்தான் யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. நினைத்துப் பார்க்கும்போது சில வேளை காலம் கடந்துவிடுகிறது. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். பயப்படுத்துவதற்காக அல்ல, நேரத்தோடு கிளினிக் போவதற்காக.

கண்ணுக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு?

கண்ணின் பின்பக்கத்தில் உட்சுவரைப் போல ஒரு மெல்லிய திரை இருக்கிறது. அதற்கு விழித்திரை என்று பெயர். நாம் பார்க்கும் எல்லாமே அந்தத் திரையில்தான் விழுகிறது. அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது.

இந்தத் திரை சாப்பாட்டுக்கும் பிராணவாயுவுக்கும் முழுக்க முழுக்க இரத்தத்தையே நம்பியிருக்கிறது. அங்கே ஓடும் இரத்தக் குழாய்கள் மயிரைப் போல மெல்லியவை. இரத்தம் மிகவும் நீர்த்துப் போனாலும், மிகவும் தடித்துப் போனாலும், அதன் செல்கள் உருக்குலைந்து போனாலும் அந்தச் சின்னக் குழாய்கள்தான் முதலில் கஷ்டப்படும். கசியும், அடைபடும், உடையும்.

இன்னொரு விசேஷமும் உண்டு. உடம்பை வெட்டாமல் இரத்தக் குழாய்களை நேரே கண்ணால் பார்க்கக்கூடிய இடம் விழித்திரைதான். வைத்தியர் கண்ணில் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து உள்ளே பார்ப்பது இதற்காகத்தான். அவர் கண்ணை மட்டும் பார்க்கவில்லை, உங்கள் இரத்தத்தின் நிலைமையையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

சாதாரண இரத்தசோகை

முதலில் நமக்குப் பழக்கமான இரத்தசோகையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. ஆணுக்கு 13 கிராம். குந்தியிருந்து எழும்பும்போது ஒரு நொடி கண் இருட்டி, பிறகு தெளிந்துவிடுவது இந்தச் சோகையிலும் வரும், வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றாலும் வரும். அது விழித்திரை நோய் அல்ல.

ஆனால் சோகை முற்றி, ஹீமோகுளோபின் 8 கிராமுக்கும் கீழே இறங்கினால் விழித்திரையில் சிறு சிறு இரத்தக் கசிவுகள் வரக்கூடும். இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் சேர்ந்து குறைந்திருந்தால் இந்த ஆபத்து கூடும். அப்போது வரும் மங்கல் ஒரு நொடியில் போகாது. நாள் முழுக்க இருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: வந்து போவது ஒன்று, வந்து நிற்பது வேறொன்று. வந்து நிற்கிற மங்கலுக்குக் கீரை மட்டும் மருந்தாகாது.

இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேத்தண்ணி குடிக்காதீர்கள். தேயிலையில் உள்ள சாயச்சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். நாம் பறிக்கும் கொழுந்துதான், ஆனாலும் நேரம் பார்த்துக் குடிக்க வேண்டும்.

தலசீமியா என்பது என்ன?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சில பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து எவ்வளவு கொடுத்தாலும் இரத்தம் ஏறாது. பிள்ளை வெளுத்துப் போகும், வளராது, வயிறு வீங்கும். காரணம் சாப்பாடு அல்ல. ஹீமோகுளோபினைச் செய்யும் பரம்பரைக் கூறு பிறவியிலேயே பழுதாக இருக்கும். இதுதான் தலசீமியா. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் தோமஸ் கூலி என்ற பிள்ளை வைத்தியர் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார்.

இது தொற்று நோயல்ல. செய்வினையும் அல்ல. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் உரியதும் அல்ல. நமது நாட்டில் 23 சிகிச்சை நிலையங்களில் எடுக்கப்பட்டு 2019இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில் 1,774 நோயாளர்கள் பதிவாகியிருந்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் கடுமையான பீட்டா தலசீமியா உள்ளவர்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும். அதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நமது உடம்பு ஒரு நாளைக்கு வெளியே தள்ளுவது ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான். மாதம் இரண்டு பை ஏற்றும் ஒரு பெரிய ஆளுக்கு வருஷத்தில் 24 பை. அப்படியானால் 4,800 மில்லிகிராம், அதாவது கிட்டத்தட்ட 5 கிராம் இரும்பு. சுகமான ஆளின் முழு உடம்பிலும் இருப்பதே 3, 4 கிராம்தான். வரவு இவ்வளவு, செலவு இல்லை. மிச்ச இரும்பெல்லாம் இதயத்திலும் ஈரலிலும் சதையியிலும் போய்ப் படியும். அப்படியே விட்டால் இதயம் நின்றுவிடும். சதையி கெட்டால் நீரிழிவு வரும். நீரிழிவு வந்தால் அந்த வழியாகவும் கண் கெடும்.

உயிர் காக்கும் மருந்தும் கண்ணும்

இந்த இரும்பை வெளியே எடுப்பதற்கு மருந்து உண்டு. பழைய மருந்து டெஸ்பெரல் என்பது. வயிற்றுத் தோலுக்கு அடியில் சின்ன ஊசி குத்தி, ஒரு சிறிய பம்ப் மூலம் இரவில் 8 முதல் 12 மணித்தியாலம் வரை, கிழமையில் 5, 6 நாட்கள் ஏற்ற வேண்டும். பிறகு வாயால் எடுக்கும் மருந்துகளும் வந்தன. டிபெரிப்ரோன் ஒன்று, டிபெரசிரொக்ஸ் மற்றொன்று. இந்த மருந்துகள் வந்த பிறகுதான் தலசீமியாப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, வேலை செய்து, குடும்பமும் நடத்துகிறார்கள்.

ஆனால் 1983இல் இலண்டன் வைத்தியர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் எச்சரிக்கை எழுதினார்கள். டெஸ்பெரலை மிக அதிக அளவில் எடுத்த சிலருக்குப் பார்வை கெட்டது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள நிறமிப் படலம் பாதிக்கப்பட்டது. சிலருக்குக் காதும் மந்தமாகும் என்பது பிறகு தெரிய வந்தது.

இது எப்படித் தொடங்கும்? வலி இருக்காது, கண் சிவக்காது. இருட்டில் பார்வை குறையும். நிறங்கள் மங்கலாகத் தெரியும், ஒரு நிறத்துக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் தெரியாது. சிலருக்குப் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மறையும். இறப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் விளக்கோடு பால் வெட்டப் போகும் இளைஞனாக இருந்தால், வெட்டுப் பட்டை சரியாகத் தெரியாது, படியில் கால் தவறும். மாலைக்கண் என்று நினைத்து விற்றமின் ஏ வாங்கிக் குடித்தால் இது சுகமாகாது.

எப்போது இது வரும்? பெரும்பாலும் மருந்தின் அளவு உடம்பில் உள்ள இரும்பை விட மிஞ்சிப் போகும்போதுதான். எடுப்பதற்கு இரும்பு குறைவாக இருக்க, மருந்து மட்டும் நிறைய ஏறினால் அது கண்ணிலும் காதிலும் கை வைக்கிறது. அதனால்தான் கிளினிக்கில் பெரிட்டின் என்ற இரத்தச் சோதனை செய்கிறார்கள். இரும்பின் இருப்பு எவ்வளவு என்று அது காட்டும். இருப்பு குறையக் குறைய வைத்தியர் மருந்தைக் குறைப்பார். பிள்ளையின் எடைக்கும் இருப்புக்கும் தக்கபடி கணக்குப் பார்த்துத்தான் அளவு போடுகிறார்கள்.

டிபெரசிரொக்ஸ் மருந்திலும் அபூர்வமாகக் கண் வில்லையில் மங்கல் விழக்கூடும். ஆகவே எந்த இரும்பு நீக்கும் மருந்து எடுத்தாலும், தொடங்கும்போது ஒரு தடவையும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையும் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும்.

இப்போது ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பத்து வயசுப் பிள்ளைக்கு டெஸ்பெரல் ஏறுகிறது. யாரோ வந்து சொல்கிறார்கள்: "அந்த மருந்து கண்ணைக் குருடாக்குமாம் அக்கா. நிப்பாட்டிடு." அம்மா பயந்து போய் பம்பைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுகிறாள். பிள்ளைக்கு ஊசி வலி இல்லை, சந்தோஷம். பார்வையும் நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே இரும்பு ஏறிக்கொண்டே போகிறது. சில வருஷத்தில் இதயம் தாங்காது.

இன்னொரு வீட்டில் நேர்மாறு. மருந்து ஒழுங்காக ஏறுகிறது. ஆனால், "கண் கிளினிக்குக்குப் போனா அன்னைக்கிப் பேரு இல்லையே, அடுத்த மாசம் பாப்போம்" என்று ஒவ்வொரு மாதமும் தள்ளிப் போகிறது. பிள்ளை பொழுது சாய்ந்தால் சுவரைப் பிடித்து நடக்கிறது. யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு தாய்மாரும் பிள்ளை மேல் பாசம் உள்ளவர்கள்தான். இரண்டு வழியும் பிழை. சரியான வழி இதுதான்: மருந்தை நீங்களாக நிறுத்தவும் கூடாது, கண் சோதனையைத் தள்ளிப் போடவும் கூடாது. பார்வையில் மாற்றம் தெரிந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் மருந்தைக் குறைப்பார், அல்லது கொஞ்ச நாள் நிறுத்துவார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். நேரத்தோடு செய்தால் பெரும்பாலும் பார்வை திரும்பி வரும். தாமதித்தால் சிலருக்கு முழுதாக வராமலே போகலாம்.

இன்னும் ஒன்று. தலசீமியாப் பிள்ளைக்கு இரும்புச்சத்து மாத்திரை, இரும்பு டொனிக் எதையும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். இரத்தசோகைக்காரர் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று மேலே சொன்னோம். தலசீமியாக்காரருக்கு அது நேர்மாறு. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி அவருக்கு நல்லது, ஏனென்றால் சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேர்வதை அது குறைக்கும். "ரத்தம் கம்மி" என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு எதிரெதிர் நோய்கள் இருக்கின்றன. அதனால்தான் சோதிக்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்கிறோம்.

அரிவாள் செல் நோய்

நமது சொந்தக்காரர் பலர் 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போய், நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறினார்கள். அதே நீலகிரியில்தான் 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள், அங்குள்ள மலைவாழ் மக்களின் இரத்தத்தில் அரிவாள் செல் நோயைக் கண்டறிந்தார்கள். இந்தியாவில் இந்த நோய் தெரிய வந்தது அப்போதுதான். இலங்கையில் இது குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. தலசீமியாவோடு கலந்த வடிவில் ஒரு சிறு தொகையினர் இங்கும் சிகிச்சை பெறுகிறார்கள்.

இந்த நோயில் வட்டமாக இருக்க வேண்டிய சிவப்புச் செல் கதிர் அறுக்கும் அரிவாளைப் போல வளைந்து விறைத்துவிடும். வளைந்த செல்கள் சின்னக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும். விழித்திரையின் ஓரத்தில் குழாய்கள் அடைபட்டால், அந்த இடம் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கும். ஆனால் அவை பலமில்லாதவை. ஒரு நாள் அவை உடைந்து கண்ணுக்குள் இரத்தம் பரவும். அதுவரை ஆளுக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். ஆகவே இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு 10 வயது முதல் ஓரிரு வருஷத்துக்கு ஒரு தடவையாவது, பார்வை நன்றாக இருந்தாலும், கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் லேசர் ஒளியால் அந்தப் பகுதியைச் சுட்டு, உடைவதைத் தடுக்கலாம்.

இரத்தப் புற்றுநோயும் டெங்கும்

இரத்தப் புற்றுநோயில் சில வேளை முதல் அறிகுறியே கண்ணில்தான் தெரியும். பார்வை திடீரென்று மங்கும், அல்லது கண் முன்னால் கறுப்பு நிழல் நிற்கும். வைத்தியர் விழித்திரையைப் பார்த்தால் அங்கே இரத்தக் கசிவு இருக்கும். அதோடு காய்ச்சல் விட்டு விட்டு வருவது, முரசில் இரத்தம் வடிவது, அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்பு விழுவது, ஆள் வெளுத்து மெலிவது எல்லாம் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். ஒரு சின்ன இரத்தச் சோதனை வழி காட்டும். மேல் சிகிச்சைக்கு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது.

டெங்கு இரத்த நோயல்ல. ஆனாலும் மழைக்காலத்தில் நமது கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் அது வராத வருஷம் இல்லை. 2017இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. டெங்கில் தட்டணுக்கள் இறங்கும். அந்த நாட்களிலோ காய்ச்சல் விட்ட பிறகோ சிலருக்குப் பார்வையின் நடுவில் மறைப்பு விழும். காய்ச்சல் போய்விட்டது என்று அசட்டையாக இராமல் கண்ணைக் காட்ட வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். அதனால் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை இப்படிச் செய்யலாம்:

1. சுவரில் உள்ள கலண்டரைப் பத்தடி தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி இலக்கங்களை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். போன மாதம் வாசித்ததை இந்த மாதம் வாசிக்க முடியவில்லையா?

2. கதவுச் சட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்கோடு வளைந்து தெரிகிறதா? நடுவில் மறைப்பு இருக்கிறதா?

3. நிற நூல்களைப் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். முன்பு பிரித்த நிறங்களில் இப்போது தடுமாற்றமா?

4. பொழுது சாயும் நேரம் பிள்ளை எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள்.

இது வைத்தியரின் சோதனைக்குப் பதிலாகாது. போக வேண்டுமா இல்லையா என்று தீர்மானிக்க உதவும், அவ்வளவுதான். திடீரென்று ஒரு கண் தெரியாமல் போவது, கறுப்பு நூல்கள் மிதப்பது, மின்னல் அடிப்பது போலத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லை பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். அங்கிருந்து தேவையைப் பொறுத்து மேல் இடத்துக்குக் கடிதம் கொடுப்பார்கள். தலசீமியாவுக்குக் குருநாகல் போதனா வைத்தியசாலையில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. ராகம போதனா வைத்தியசாலையிலும் தனிப் பிரிவு உண்டு. கண்ணுக்குக் கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை. எல்லாம் அரசாங்க வைத்தியசாலைகள், சிகிச்சைக்குக் காசு கேட்கமாட்டார்கள்.

போகும்போது பழைய கிளினிக் கொப்பி, எடுக்கும் மருந்து, பெரிட்டின் முடிவுத் துண்டு எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கண் வைத்தியரிடம், "பிள்ளைக்கு ரத்தம் ஏத்துறோம், இந்த மருந்து எடுக்குது" என்று வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் கண்ணாடிக்கு அளவெடுத்து அனுப்பிவிடக்கூடும். கண்ணில் மருந்து விட்டால் சில மணித்தியாலம் பார்வை கூசும், மங்கும். அதனால் தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கலியாணத்துக்கு முன்

கடைசியாக, வருமுன் காக்கும் வழி. தலசீமியாக் கூறு ஒன்று மட்டும் உள்ளவருக்கு நோய் இருக்காது. நன்றாக வேலை செய்வார். அவருக்கே தெரியாது. ஆனால் அப்படிப்பட்ட ஆணும் பெண்ணும் கலியாணம் முடித்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் முடிக்கும்போது, இருவரிடமும் அதே கூறு இருக்கும் வாய்ப்பு கூடும். ஜாதகம் பார்க்கும் நேரத்தில் ஓர் இரத்தச் சோதனையும் பார்த்துவிட்டால் போதும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு நோய் இருந்தால், அந்தப் பிள்ளையின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோரும் கட்டாயம் சோதித்துக்கொள்ள வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு நாள் பேர் போனால் அடுத்த நாள் உழைத்துக்கொள்ளலாம். கண் போனால் அப்படி எடுக்க முடியாது. உங்கள் லயத்தில் இரத்தம் ஏற்றும் பிள்ளை யாராவது இருந்தால், இன்று பின்னேரம் அந்த வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருஷம் கண்ணு காட்டியாச்சா?"